மாசி வெட்டு

பத்து மணிக்குக் கொத்தனார் வருவதாகப் பேச்சு. மணி எட்டேகால்தான் ஆகிறது, அதற்குள் தெய்வசிகாமணி மூன்று தடவை கேட்டைப் பார்த்துவிட்டார். கேட்டைப் பார்த்தால் அதற்கு இடப்பக்கம் நிற்கிற களாச்செடியையும் பார்த்துத்தான் தீர வேண்டும், பார்த்தால் வயிறு எரிகிறது. என்ன கோலம் இது. ஒன்றரை மாதம் வீட்டில் ஆள் இல்லை என்றால் ஒரு செடி இப்படியா தலைவிரித்துக் கிடக்கும். பந்து மாதிரி உருண்டையாக இருந்த செடி, எந்தப் பக்கம் அளந்தாலும் விரற்கடை கூடாது குறையாது, பால்காரர் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு இது நிஜச் செடியா பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்த்து முள் குத்திக்கொண்டு போனார், அப்பேர்ப்பட்ட செடி. இப்போது ஒரு கிளை கேட்டுக் கம்பிக்குள் கையை விட்டுத் தெருவை எட்டிப் பார்க்கிறது, ஒரு கிளை தண்ணீர் மீட்டர் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது, உச்சியில் நாலைந்து கொம்பு எழும்பி எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி நிற்கிறது. இத்தனைக்கும் யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றவில்லை. களா அப்படித்தான், வெயிலுக்கும் பயப்படாது, ஆட்டுக்கும் பயப்படாது, ஆள் இல்லாவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மஞ்சள் ரப்பர் பந்தை எடுத்து அமுக்குகிறார். ஒன்று. இரண்டு. தை மாதக் கடைசியில் தெருமுனை திரும்பும்போது மணலில் ஸ்கூட்டர் வழுக்கி, வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, கோயம்புத்தூரிலிருந்து மகள் மங்கை ஓடி வந்து, அப்பாவையும் அம்மாவையும் சாமான் ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டு போய், ஆறு வாரம் மாவுக்கட்டோடு தன் வீட்டு ஹாலில் உட்கார வைத்து, கட்டைப் பிரித்து, நேற்று இருட்டுகிற நேரத்தில் இங்கே கரூரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். பந்து டாக்டர் கொடுத்தது. காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது. பதினொன்றாவது அமுக்கில் பெருவிரல் தகராறு செய்கிறது. கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்தது யாருடைய கை என்றே அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவு வெளுப்பு, அவ்வளவு மெலிவு. அந்தக் கையைத் தூக்கித்தான் முப்பத்தெட்டு வருஷம் வண்டிகளுக்குப் பச்சைக் கொடி காட்டினார். அது பழையபடி வராமல் போய்விட்டால்? பந்து பிடி நழுவி விழுந்து, உருண்டு, நேராகக் களாச்செடிக்கு அடியில் போய் நிற்கிறது.

அங்கேயே கிடக்கட்டும். குனிந்து எடுக்க இன்னும் மனசு வரவில்லை, வெயிலும் இதமாகத்தான் இருக்கிறது, சொந்த வீட்டுக் காப்பியின் ருசி நாக்கில் நிற்கிறது, ஆறு வாரம் கழித்துச் சொந்த நாற்காலி. எதிர்வீட்டு நந்தியாவட்டைப் பூ காற்றில் பறந்து வந்து செடிமேல் அங்கங்கே வெள்ளையாக ஒட்டியிருக்கிறது போல. அதைக்கூட யாரும் தட்டிவிடவில்லை. இந்த வருஷம் மாசி வெட்டு நடக்கவில்லையே, அதுதான் காரணம். மாசி வெட்டு என்று பெயர் வைத்தவர் அவரேதான். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலம் முழுவதும் ஜெனரல் மேனேஜர், அதாவது ஜி.எம்., இன்ஸ்பெக்ஷன் அவருக்கு மாசியில்தான் வந்து வாய்த்தது. தை பிறந்தாலே ஸ்டேஷன் கல்யாண வீடாகிவிடும். கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு, தொட்டிக்கெல்லாம் காவி, பெயர்ப்பலகைக்குப் புது மஞ்சள், பிளாட்பாரத் தோட்டத்தில் ஓர் இலை வரிசை தப்பி நிற்கக் கூடாது. மற்ற மாஸ்டர்கள் ஆளை விட்டு வெட்டச் சொல்வார்கள், இவர் பெரிய கத்தரியைத் தானே எடுத்துக்கொள்வார். இரண்டு கையாலும் பிடித்துச் சரக் சரக்கென்று போகும்போது மனசுக்குள் ஒரு அமைதி வரும், அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். மணவாடிக்குளம் ஸ்டேஷனில் இருந்தபோது ஊர்ப்பெயரைச் செடியிலேயே வெட்டி எழுதினார், ணகரத்துக்கு மூன்று சுழியும் விழுவதற்குள் நாலு நாள் ஆயிற்று. அதற்குக் கிடைத்த கேடயம் இன்றும் டி.வி.க்கு மேலே இருக்கிறது, பாக்கியம் வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறாள். பாக்கியம் என்றால் சிவபாக்கியம், அவர் மனைவி, மணவாடிக்குளத்துக்குத்தான் கல்யாணமாகி வந்தாள். அங்கே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு களாப் புதர், யாரும் வைக்காமல் தானாக முளைத்தது, ஆள் உயரம். அவள் வந்த மூன்றாம் மாதம் அது மல்லிகைபோல வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. காய்த்ததும் ஒரு ஜாடி ஊறுகாய் போட வேண்டும், அம்மா வீட்டிலிருந்து ஜாடி கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். புதுசாக வந்தவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். ஜி.எம். வருகிற தனிவண்டியின் கடைசிப் பெட்டியில் பெரிய கண்ணாடி உண்டு, அதில் உட்கார்ந்து பார்த்தால் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் தெரியும், புதர் தெரியும். ஒரு மத்தியானம் அவள் படுத்து எழுவதற்குள் வெட்டித் தரைமட்டமாக்கிவிட்டார். அவள் வந்து பார்த்தாள். “பூத்திருந்துச்சே” என்றாள். சண்டையில்லை, அழுகையில்லை, அவ்வளவுதான். பூத்திருந்துச்சே. தனிவண்டி அந்த வருஷம் நிற்காமலே போய்விட்டது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் யாரோ பேப்பர் படித்துக்கொண்டு போனார்கள். ஜாடி இன்னும் இருக்கிறது. ஐந்து மாற்றல், ஐந்து லாரி, ஒரு கீறல் விழாமல் ஊர் ஊராக வந்து இந்த வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. இந்த நாற்பது வருஷத்தில் அவள் அதில் எதையும் போட்டதில்லை.

அதனால்தான் இந்த வீடு கட்டியதும் முதல் செடியாகக் களாவை வைத்தார். உனக்காகத்தான் வைக்கிறேன் என்று சொல்லி வைக்கவில்லை, அந்த மாதிரி வசனமெல்லாம் அவருக்கு வராது. நர்சரிக்காரர் குரோட்டன்ஸைக் காட்டினார், செம்பருத்தியைக் காட்டினார், இவர் ஓரமாகக் கறுப்புப் பையில் கிடந்ததை எடுத்துக்கொண்டார். பார்க்கவும் அழகு சார், இலை சும்மா பளபளன்னு இருக்கும், காயும் கொத்துக் கொத்தா பிடிக்கும், மூணாம் வருஷம் பாருங்க என்றார் அவர். மூன்றாம் வருஷம் பார்த்தார். அதற்குள் ரிட்டயரும் ஆகியிருந்தார். அந்த வருஷத்து ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் என்ன செய்தோம் என்று எப்போது யோசித்தாலும் எதுவும் பிடிபடுவதில்லை, வண்டி குகைக்குள் போய் வெளியே வந்த மாதிரி, இந்தப் பக்கம் ஐப்பசி, அந்தப் பக்கம் மாசி, நடுவில் இருட்டு. மாசியில் கத்தரியை எடுத்தது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து வருஷா வருஷம் மாசியில் பெரிய வெட்டு, பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு சின்ன வெட்டு. நாலாம் வருஷம், ஐந்தாம் வருஷம், எட்டாம் வருஷம், காயைக் காணோம். ஆட்டுப் புழுக்கை போட்டார், கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினார், புளித்த மோரை ஊற்றினார், மீன் கழுவின தண்ணீரை ஊற்றினார், மூன்று தெருப் பூனைகள் வந்து சேர்ந்ததுதான் மிச்சம். எதிர்வீட்டு ஞானமுத்து ஒருநாள் கேட்டருகே நின்று ஆராய்ந்து, இது ஆண் செடி சார், காய்க்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். இவர் நர்சரிக்காரரிடம் போய், மூணாம் வருஷம் என்றீரே, எந்த ஊர் மூணாம் வருஷம் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். பாக்கியம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாளே தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோயம்புத்தூரில் மங்கை செடியை எடுத்துவிடுகிற பேச்சை ஆரம்பித்தபோதும் சொல்லவில்லை. “அப்பா, இனிமே ஸ்கூட்டரே வேண்டாம்ப்பா. எங்க பழைய கார நீங்க வச்சுக்கங்க, கூப்பிட்டா டிரைவர் வருவாரு. நிறுத்த எடம் வேணும், கேட்டுக்குப் பக்கத்துல அந்தச் செடிய எடுத்துட்டு ஒரு ஷெட் போட்டுரலாம். காய்க்காத செடிதானே” என்றாள் மங்கை. பாசத்தில் சொல்கிறாள், தப்புச் சொல்ல முடியாது. கை மாவுக்கட்டில் இருந்தால் மனுஷன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான், இவரும் ஆட்டினார். ஆட்டிவிட்டுப் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவளுக்கே வேண்டாம் என்றால் அப்புறம் யாருக்காக என்று அன்று ராத்திரி முழுக்கக் கட்டுக்குள் கை அரித்தது. இன்றைக்கு ஸ்கூட்டர், நாளைக்குச் செடி, அதற்கப்புறம் என்னென்னவற்றுக்குத் தலையாட்ட வேண்டியிருக்குமோ தெரியவில்லை.

சரி, போகிறதுதான் போகிறது, பரட்டைத் தலையோடு போக வேண்டாம், ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டு போகட்டும் என்று எழுந்தார். நாளைக்குக் கடப்பாறை விழப்போகிற செடிக்கு இன்றைக்கு அலங்காரம் எதற்கு என்று அவருக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது, அதைச் சட்டை செய்யவில்லை. மாடிப்படிக்கு அடியில், எப்போதும் கத்தரி தொங்குகிற ஆணியில் கத்தரி இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

“பாக்கியம், பெரிய கத்தரி எங்க?”

“எந்தக் கத்தரி?” என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“எந்தக் கத்தரியா? வீட்ல பத்துக் கத்தரியா இருக்கு? ஆணியில மாட்டியிருந்துச்சே.”

“ஆணியில இல்லன்னா வேற எங்கயாச்சும் இருக்கும். கட்டுப் பிரிச்சு மூணு நாள் ஆகல, அதுக்குள்ள கத்தரி கேக்குதா? கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“தூக்கப் போறதில்ல, வெட்டத்தான் போறேன்.”

“ரோஜாவுக்கு வச்சிருக்கற சின்னக் கத்தரி ஜன்னல்ல இருக்கு பாருங்க. வேணும்னா அத எடுத்துக்கங்க.”

குரலில் ஏதோ ஒன்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாளா? சிரிக்க என்ன இருக்கிறது. கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தால் துவைக்கிற கல்மேல் ஒரு ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது, பழுப்பும் வெள்ளையுமான பழைய பீங்கான் ஜாடி. பரணில் இருந்ததை எப்போது இறக்கினாள், ஸ்டூல் போட்டு ஏறினாளா, இவளும் விழுந்து கையை முறித்துக்கொண்டால் யார் சமைப்பது. மங்கைக்கு எலுமிச்சங்காய் போடப் போகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு, இடது கையில் சின்னக் கத்தரியோடு வாசலுக்கு வந்தார்.

இடது கையால் வெட்டுவது பல்லால் வேட்டி மடிக்கிற வேலை. பெரிய கத்தரி என்றால் ஒரே வீச்சில் முப்பது நுனி விழும், எது விழுந்தது என்று பார்க்கவும் வேண்டாம், உருண்டை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இதிலோ ஒவ்வொரு கொம்பாக வலது கையால் பிடிக்க வேண்டும், முள் எங்கே என்று பார்த்து விரலை வைக்க வேண்டும், அப்புறம் இடது கை. முதலில் பந்தை எடுத்துவிடுவோம் என்று தண்ணீர் மீட்டர்மேல் படுத்திருந்த கிளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பந்து தூரில் இருந்தது. எடுத்துக்கொண்டு நிமிரும்போது கண் கிளையின் அடிப்பக்கத்துக்குப் போனது. இலையும் பச்சை, அதுவும் பச்சை, அதனால் முதலில் இலைக்காம்பு என்றுதான் நினைத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பட்டாணி அளவில், முனை கொஞ்சம் கூராக, ஐந்து, ஆறு, ஒரே கொத்தாக. பக்கத்துக் கொம்பிலும் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலும் இருக்கிறது. கேட்டுக் கம்பிக்குள் கையை விட்டிருந்த கிளை தெருவைப் பார்க்கவில்லை, காயைத்தான் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் ஒட்டியிருந்த வெள்ளை நந்தியாவட்டையே இல்லை, அந்தச் செடிக்குச் சொந்தப் பூ, கடைசியாக மிச்சமிருந்த நாலைந்து, முகத்தை அருகே கொண்டுபோனால் மல்லிகை வாசனை லேசாக அடிக்கிறது. பாக்கியம் என்று சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தார், திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. எல்லாக் கொத்தும் நுனியில் இருக்கிறது. ஒன்றுகூட நடுவில் இல்லை, அடியில் இல்லை, புதிதாக நீண்ட ஒவ்வொரு கொம்பின் நுனியிலும், மாசிக் கத்தரி போகிற அதே உயரத்தில். ஆறு மாசி. ஆறு மாசியும் மொட்டு வைக்கிற நேரம் பார்த்து, சரக் சரக்கென்று, மனசுக்குள் அமைதியோடு. அப்புறம் தப்பித்துத் தழைத்த கொம்புக்கும் பதினைந்து நாளைக்கு ஒரு வெட்டு. எந்த ஜி.எம். வரப்போகிறார் என்று வெட்டினார்? எந்தக் கண்ணாடியிலிருந்து யார் பார்க்கப் போகிறார்கள் இந்தத் தெருவில்? வெட்டிவிட்டு வந்து பிண்ணாக்கு ஊற்றியிருக்கிறார், மோர் ஊற்றியிருக்கிறார், நர்சரிக்காரரைத் திட்டியிருக்கிறார். பூத்திருந்துச்சே. அந்த ஒரு வார்த்தையை நாற்பது வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதற்குப் பரிகாரமாக ஒரு செடியை வைத்து, அந்தச் செடியிலும் பூவைத்தான் வெட்டியிருக்கிறார். மணலில் ஸ்கூட்டர் வழுக்காமல் இருந்திருந்தால் இந்த வருஷமும் வெட்டியிருப்பார். மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். உடைந்தாலும் உடைந்தாய், நல்ல நேரத்தில் உடைந்தாய் என்று அதற்கு ஒரு நன்றியும் சொன்னார். ஒரே ஒரு காயைப் பறித்தார், காம்பிலிருந்து பால் வடிந்து இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன.

கேட் சத்தம் கேட்டது. சூசை கொத்தனார் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார், கையில் டேப்.

“என்ன சார், கை எப்படி இருக்கு? இதுதானே செடி? வேர் ஆழமா போயிருக்கும், முள்ளு வேற. நாளைக்கு ரெண்டு பேரக் கூட்டியாந்து கடப்பாறை போட்டாத்தான் சரிப்படும்.”

“சூசை, லைன் கிளியர் இல்ல.”

“என்னது சார்?”

“செடிய எடுக்கல. காய்ச்சிருக்கு.”

சூசை குனிந்து பார்த்தார். “அட ஆமா, கொத்துக் கொத்தா! அப்ப காருக்கு?”

“காரு வெயில்ல நிக்கட்டும். மங்கைகிட்ட நான் பேசிக்கிறேன்.” சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டார். நடுங்கவில்லை.

“ஊறுகா போட்டா நமக்கும் ஒரு கரண்டி எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்று சூசை டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனார். திரும்பினால் பாக்கியம் கதவருகே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“நீ பாத்தியா?” என்று கேட்டார், பால் ஒட்டிய விரல்களில் இருந்த காயை நீட்டிக்கொண்டு.

“காலையில கோலம் போட வந்தப்பவே பாத்தேன்.”

“அது இல்ல. இத்தன வருஷமும் நான்தான் வெட்டி வெட்டி...”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“மொத மாசியிலேருந்து. மொக்கு விட்டிருந்துச்சு. குப்பையில அள்ளிக் கொட்டுனது நான்தானே.”

“ஏன்டி சொல்லல?” கோபம் மாதிரிதான் கேட்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். “ரிட்டயர் ஆகி நாலு மாசம் நீங்க ஒரு வார்த்த பேசல. சாப்பிடறீங்களான்னா தலையாட்டுவீங்க, தூங்கலையான்னா தலையாட்டுவீங்க. மாசியில ஒருநாள் கத்தரிய எடுத்துக்கிட்டுப் போனீங்க. வெட்டிட்டு, குளிச்சிட்டு வந்து எல முன்னாடி ஒக்காந்து, என்னடி கொழம்புல உப்பே இல்லன்னு கத்துனீங்க. அன்னிக்குத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அந்தக் கத்தரியப் போயி நான் வேண்டாம்னு சொல்லுவேனா? ஊறுகா கடையில கெடைக்கும்.”

குகைக்குள் போன வண்டிக்கு வெளியே ஒருத்தி நாலு மாதம் காத்து நின்றிருக்கிறாள். அவருக்கு அது தெரியாது. ஆறு வருஷமாக அவள் மொட்டுகளை அள்ளிக் கொட்டிவிட்டு உள்ளே போய்க் குழம்பில் உப்பைப் பார்த்துப் போட்டிருக்கிறாள், அதுவும் தெரியாது. பரட்டைத் தலையோடு நிற்கிற செடியைப் பார்த்தார். கை இன்னும் அரிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லக் கூடாது.

“பெரிய கத்தரிய எங்க ஒளிச்சு வச்ச?”

“அரிசி டிரம்முக்குப் பின்னாடி. வேணுமா?”

“இப்ப வேண்டாம். ஆடியில காயெல்லாம் எறங்கட்டும், அதுக்கப்புறம் குடு.”

“அப்ப மாசி வெட்டு?”

“இனிமே ஆடி வெட்டு.”

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து, உலையில் அரிசி போட வேண்டும் என்று உள்ளே போனாள். அவர் பந்தை அமுக்கிக்கொண்டே வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு வந்தார், பன்னிரண்டு, பதின்மூன்று, பெருவிரல் இப்போது தகராறு செய்யவில்லை. பந்தைக் கல்மேல் வைத்துவிட்டு ஜாடியை நிமிர்த்தினார். மெலிந்த கை, சுலபமாக உள்ளே போனது. அடியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது, வெயில் படுகிற மாதிரி சாய்த்து, வாயைக் கிழக்கே திருப்பி வைத்தார்.